மூலம் வேறு, மூலச் செல் வேறு

ஸ்ரீரங்கம்
8.7.2024

அக்கா மணிமேகலைக்கு வளவன் எழுதுவது.

நான் நலம். நீ, மாமா, யமுனா, அத்தை எல்லோரும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. என் நம்பரை நீ பிளாக் செய்து மூன்று வாரம் ஆகிறது. மாமாவுக்குப் போட்டால், "கொஞ்ச நாள் போகட்டும் மாப்ள, அவ கோவத்துல இருக்கா" என்று வைத்துவிடுகிறார். தபாலை யாரும் பிளாக் செய்ய முடியாது. ஆகவே ஸ்டாம்ப் ஒட்டுகிறேன்.

காதுகுத்தில் நான் சொன்னது சரி. சொன்ன இடம் தப்பு. யமுனா என் மடியில் இருக்கிறாள், ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார், உன் பெரிய மாமியார் "அப்படியே தாய்மாமன் சாயல்" என்கிறார். "சாயல் மட்டுமா, எங்க வீட்டுக் கேன்சர் ஜீனும் வந்திருக்கலாம்" என்று நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. ஐந்து வயதுக் குழந்தைக்கு முன்னால், நூறு பேருக்கு முன்னால். மன்னித்துக்கொள். இதை இரண்டாவது முறை எழுதமாட்டேன்.

இப்போது விஷயம். பிப்ரவரியில் அப்பாவின் பழைய ரிப்போர்ட் டிரங்கில் கிடைத்தது. நாற்பத்தாறு வயதில் பெருங்குடல் புற்று. சித்தப்பாவுக்கு முப்பத்தொன்பதில் அதே. அப்பாவின் அக்கா பெரியத்தைக்குக் கர்ப்பப்பையில். மூன்று விவரத்தையும் எடுத்துக்கொண்டு தில்லைநகரில் குடல் டாக்டர் ஆபிதாவைப் பார்த்தேன். ரத்தம் எடுத்தார்கள். குடும்பத்தில் இறங்கி வரும் ஜீன் மாற்றம், எனக்கு இருக்கிறது. உனக்கு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடலின் மூலச் செல்லில் இந்த மாற்றம் வேலையைக் காட்டினால் கட்டி வரும். முன்கூட்டிப் பார்த்தால் வராமலே தடுக்கலாம்.

நீ டெஸ்ட் எடுக்க வேண்டும். எப்போது வருகிறாய்?

யமுனாவின் காது ஆறிவிட்டதா?

வளவன்

*

தொட்டியம்
20.7.2024

தம்பிக்கு,

இங்கே யாவரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஓட்டல் சாப்பாட்டைக் குறை.

உன் கடிதத்தைப் போஸ்ட்மேன் அத்தை கையில் கொடுத்துவிட்டார். பிரிக்கவில்லை, ஆனால் நான் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். காதுகுத்து முடிந்த நாளிலிருந்து இந்த வீட்டில் என்ன பேச்சு என்று உனக்குத் தெரியாது. "ரத்தத்துலயே வியாதி உள்ள வீட்டுலயா பொண்ணு எடுத்தோம்" என்று பெரிய மாமியார் கேட்டுவிட்டுப் போனார். அத்தை எனக்காகத்தான் சண்டை போட்டார். "அவ அப்பனுக்கு மூலம். மூலம் இல்லாத ஆம்பள எந்த ஊர்ல இருக்கான்" என்றார்.

அப்பாவுக்கு மூலம்தானே? இரண்டு வருஷம் மூலம் பவுத்திரம் என்று போர்டு போட்ட இடத்துக்குத்தானே நான் கூட்டிப்போனேன்? கடைசியில்தான் பெரிய ஆஸ்பத்திரியில் வேறு என்னவோ சொன்னார்கள். நீயே உன் கடிதத்தில் மூலச் செல் என்று எழுதியிருக்கிறாய். மூலத்துக்குப் போய் ரத்த டெஸ்ட் எதற்கு? அத்தைக்கு அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன். உனக்கு வந்திருக்கிறது என்று நினைத்துத் துத்தி இலை பறித்து மஞ்சப்பையில் கட்டி, புதன்கிழமை முசிறி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள். விளக்கெண்ணெயில் வதக்கிச் சாப்பிட வேண்டுமாம்.

கீழக்காட்டுக்கு நடந்து போனால் இப்போதெல்லாம் மூச்சு வாங்குகிறது. இந்த வருஷம் வெயில் அப்படி. வேறு விசேஷம் இல்லை.

அக்கா மணிமேகலை

*

ஸ்ரீரங்கம்
25.7.2024

அக்காவுக்கு,

சுகம். துத்தி இலை வந்தது. கண்டக்டர் முழு பஸ் ஸ்டாண்டுக்கும் கேட்கிற மாதிரி "மூலத்துக்கு எல வாங்க வந்தவரு யாருங்க?" என்றார். கை தூக்கினேன். திருப்தியா?

மூலம் வேறு, மூலச் செல் வேறு. மூலம் ஆசனவாயில் ரத்தக்குழாய் வீங்குவது. மூலச் செல் வியாதியே இல்லை. எல்லோர் உடம்பிலும் இருக்கிறது, இருந்தால்தான் உயிர். ஒழுங்காகப் படி.

குடலின் உள்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில மூலச் செல்கள். அவை பிரிந்து பிரிந்து புதுச் செல்லை மேலே தள்ளும். மேலே வந்தது நாலைந்து நாளில் உதிர்ந்துவிடும். மேலே இருப்பதில் கோளாறு வந்தால் அதோடு சேர்ந்து உதிரும், கவலையில்லை. அடியில் இருக்கிற மூலச் செல்லில் வந்தால் அது உதிராது. அதிலிருந்து வருவதெல்லாம் கோளாறோடு வரும். சேர்ந்து சேர்ந்து கட்டி ஆகும்.

செல் பிரியும்போது ஜீனைப் பார்த்துப் பிரதி எடுக்கிறது. பிரதியில் பிழை வரும். அதைத் திருத்தவும் ஒரு ஜீன் இருக்கிறது, ஜோடியாக. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. எனக்கு அப்பா கொடுத்தது பழுது. எங்கள் அரியமங்கலம் பட்டறையில் ஒவ்வொரு வெல்டிங்கையும் இரண்டு இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள். எனக்கு ஒருவர்தான் வேலைக்கு வருகிறார். அவரும் ஒரு மூலச் செல்லுக்குள் லீவு போட்டுவிட்டால், ஓட்டை வெல்டிங் எல்லாம் பாஸ்.

அப்பாவுக்கு நடந்தது இதுதான். அந்த போர்டு போட்டவன் இரண்டு வருஷத்தைத் தின்றுவிட்டான். உன்மேல் தப்பு இல்லை. உனக்கு இருபத்தொன்று, எனக்குப் பதினைந்து.

வருகிறாயா, இல்லையா? ஒரு வார்த்தை எழுது.

வளவன்

*

தொட்டியம்
10.8.2024

தம்பிக்கு,

ஆடிப்பெருக்கு நன்றாக நடந்தது. காவிரியில் இந்த வருஷம் கரைகொள்ளாத் தண்ணீர், படித்துறைக்கு யமுனாவை விடவில்லை. நீ சாப்பிட்டுத் தூங்குகிறாயா?

பட்டறைக் கதை எனக்குப் பிடிபடவில்லை. அத்தை, "லீவு போட்டா சம்பளத்தப் புடிக்க வேண்டியதுதானே" என்கிறார். நானே வேறு மாதிரி யோசித்துப் பார்த்தேன். சரியா சொல்.

எங்கள் பூவன் வாழையில் இலை காய்ந்தால் வெட்டிப் போடுகிறோம். மரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. அடியில் கிழங்கு இருக்கிறது, அதிலிருந்து குருத்து வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் முடிக்கொத்து நோய் வந்தால் அப்படி இல்லை. அது கிழங்கு வரைக்கும் போயிருக்கும். இலையை வெட்டினாலும் அடுத்த குருத்து கொத்தாகவே வரும். பக்கக் கன்றை எடுத்து வேறு காட்டில் வைத்தாலும் அங்கேயும் அப்படியே. இலை உன் மேல் செல், கிழங்கு உன் மூலச் செல். அப்பா தாய்மரம், நாம் இரண்டு பக்கக் கன்று. இதுதானே?

இதுதான் என்றால் ஒன்று கேட்கிறேன். முடிக்கொத்து வந்த வாழையை உன் மாமா கிழங்கோடு தோண்டி எரிப்பார். அதற்கு வைத்தியம் கிடையாது. எனக்கு இருக்கிறது என்று தெரிந்தால் என்னை என்ன செய்வார்கள்? தெரியாமல் இருந்தால் இருக்கிற வரைக்கும் சமையல் செய்துகொண்டு இருப்பேன்.

சும்மா கேட்கிறேன், அந்தக் குழாய் விட்டுப் பார்ப்பது வலிக்குமா?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எட்டு என்றார்கள். பொம்பளைகளுக்குச் சகஜம்தான் என்று இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அத்தை தினம் பீட்ரூட்டாய்ப் போடுகிறார், எனக்கு அந்த நிறத்தைப் பார்த்தாலே பிடிக்கவில்லை.

மணிமேகலை

*

ஸ்ரீரங்கம்
17.8.2024

அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை டாக்டர் ஆபிதாவிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "என் ஸ்டூடன்ட்ஸுக்கு இத ஒரு மணி நேரம் போர்டுல வரஞ்சு சொல்றேன், உங்க அக்கா பத்து வரில முடிச்சிட்டாங்க" என்றார். மூலச் செல்லுக்குத் தமிழில் குருத்தணு என்றும் ஒரு பெயர் உண்டாம். முதலிலேயே அதை எழுதியிருந்தால் எனக்குத் துத்தி இலை மிச்சம்.

ஆனால் ஒரு இடத்தில் உன் வாழை தப்பு. அது கிருமி, செடி முழுக்க ஓடும். இது அப்படி இல்லை. கோடிக்கணக்கான குழிகளில் எங்கோ ஒன்றில், என்றோ ஒரு நாள், அந்த இரண்டாவது ஜீனும் கெட வேண்டும். கெட்டாலும் உடனே புற்று வராது. முதலில் சின்னதாக ஒரு முளை வரும். சாதாரண ஆளுக்கு அது புற்றாக மாறப் பத்து வருஷம். நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டு மூன்று வருஷம்கூட ஆகாமல் போகலாம். வருஷா வருஷம் குழாய் விட்டுப் பார்த்தால் முளையாக இருக்கும்போதே நறுக்கிவிடலாம். உன்னைத் தோண்டி யாரும் எரிக்கப் போவதில்லை, பைத்தியம்.

வலி பற்றிக் கேட்டாய். முதல் நாள் உப்புத் தண்ணீர் மாதிரி ஒரு மருந்தை லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். அதுதான் பெரிய தண்டனை. கக்கூஸை விட்டு நகர முடியாது. மறுநாள் குழாய். எனக்கு மே மாதம் பார்த்தார்கள். மயக்க மருந்து போட்டுக்கொள்ளவில்லை, டிவியில் என் குடலை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுகளில் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். மிளகு அளவில் ஒரு முளை இருந்தது. கம்பி வளையம் மாட்டி எடுத்துவிட்டார்கள். மறுநாள் வேலைக்குப் போனேன்.

எப்போது வருகிறாய்?

வளவன்

*

ஸ்ரீரங்கம்
2.10.2024

அக்கா,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. இடையில் நான் போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை.

இன்று லீவு. உன் கடிதங்களை மேஜைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தேன். பட்டறையில் வெல்டிங்கின் எக்ஸ்ரே பிலிமை அப்படித்தான் பார்ப்போம். ஒரு பிலிமில் லேசாக ஒரு கோடு தெரிந்தால் அழுக்கு என்று விட்டுவிடலாம். அடுத்த பிலிமிலும் அதே கோடு இருந்தால் விரிசல்.

ஜூலையில் கீழக்காட்டுக்கு நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆகஸ்டில் ரத்தம் எட்டு. பீட்ரூட்டின் நிறத்தைப் பார்த்தாலே பிடிக்கவில்லை. சும்மா கேட்கிறேன், வலிக்குமா.

எனக்குச் சம்பளம் கொடுப்பதே விரிசலைக் கண்டுபிடிப்பதற்கு. வெயில் என்றாய், நம்பினேன். நான்தான் முட்டாள்.

ஒரே கேள்வி. உனக்கு ரத்தம் போகிறதா? எத்தனை நாளாக?

வளவன்

*

தொட்டியம்
7.10.2024

தம்பிக்கு,

போகிறது. பங்குனியிலிருந்து.

இதை எழுதிவிட்டு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் இல்லை.

காதுகுத்து அன்று நீ யமுனாவை மடியில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னபோது, நீ குழந்தையைச் சொல்கிறாய் என்று எல்லோருக்கும் கோபம். எனக்குக் கோபம் வரவில்லை வளவா. பயம் வந்தது. அன்று காலையில்கூட எனக்குப் போயிருந்தது. உன்னோடு போனில் பேசினால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் நம்பரை அடைத்தேன். கடிதத்தில் மறைக்கலாம் என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு மூலம் என்று நம்பிக் கூட்டிப்போனவள் நான்தான். எனக்கும் மூலமாகவே இருக்கட்டும் என்று தினம் துத்தி இலை தின்றேன். அத்தை உனக்குப் பறித்ததிலேயே ஒரு பிடி எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் டாக்டர் ஆபிதாவின் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பேரைச் சொல்லாமல் கேட்டேன். நர்ஸ் சொன்னாள், "மயக்க மருந்து போட்டுத்தான் பாப்போம்மா, பயப்படாதீங்க. ஆனா கூட ஒரு ஆள் வந்தே ஆகணும். ஆள் இல்லன்னா மயக்க மருந்து கெடையாது." அப்படியானால் உனக்கு ஏன் மயக்க மருந்து போடவில்லை? அன்று உன்னோடு யார் வந்தது?

வரச் சொன்னால் வருகிறேன். அவரிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மணிமேகலை

*

ஸ்ரீரங்கம்
9.10.2024

அக்காவுக்கு,

18ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. டாக்டரிடம் சொல்லி நேரம் வாங்கிவிட்டேன். மருந்துச் சீட்டு இதோடு இருக்கிறது. மூன்று நாள் முன்பிருந்து கீரை, விதையுள்ள காய் வேண்டாம். இரும்பு மாத்திரையை இன்றே நிறுத்து.

மாமாவிடம் நீயே சொல். நான் சொன்னால் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். சொல்லாமல் மட்டும் வராதே.

என்னோடு யாரும் வரவில்லை. உன்னைக் கூப்பிட்டிருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பாய். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று பிறகு பார்த்தாயே.

பயப்படாதே என்று எழுத வரவில்லை. நானும் பயந்துதான் இருக்கிறேன். வந்துவிடு.

வளவன்

*

தொட்டியம்
13.10.2024

மாப்பிள்ளை வளவனுக்கு மதுரைவீரன் எழுதிக்கொண்டது. ஆண்டவன் புண்ணியத்தில் அனைவரும் சௌக்கியம்.

மணி என்னிடம் சொல்லிவிட்டாள். போனிலேயே பேசலாம், ஆனால் நீங்கள் இருவரும் எழுதுவதைப் பார்த்து நானும் எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது, பொறுத்துக்கொள்.

ஆடி மாதம் குளியலறையில் நானும் பார்த்தேன். பொம்பளை சமாசாரம் என்று கேட்காமல் விட்டேன். வாழையில் ஒரு இலை மஞ்சள் ஆனால் நின்று பார்க்கிறவன் நான். அது மனதைக் குத்துகிறது.

அம்மாவிடமும் சொன்னோம். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தது. அப்புறம், "மூலமோ என்ன எழவோ, போயி பாத்துட்டு வாங்கடா. என் பேத்திக்கு ஆத்தா வேணும். பெரியவ ஏதாச்சும் கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றது. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறோம். நீயும் இரு. தனியாக உட்கார எனக்குத் தைரியம் பத்தாது.

மதுரைவீரன்

*

ஸ்ரீரங்கம்
27.10.2024

அக்காவுக்கு,

நேற்று பயாப்சி ரிப்போர்ட் வாங்கியதும் உனக்குப் போன் செய்தேன், நீ பிளாக்கை எடுத்த பிறகு முதல் தடவையாக. "இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அப்புறம் கட் ஆகிவிட்டது. நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். சிக்னல் இல்லை என்று மாமாவுக்கு மெசேஜ் போட்டேன். சிக்னல் இருந்தது. நான்தான் கட் செய்தேன். தில்லைநகர் ஏழாவது கிராஸில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று அழுதேன். கடைக்காரர் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். போகட்டும்.

இப்போது ஒழுங்காக எழுதுகிறேன். குடலின் வலது பக்கம் அரைநெல்லிக்காய் அளவில் ஒரு முளையை எடுத்தார்களே, அதில் செல்கள் ஒழுங்கு கெட ஆரம்பித்திருக்கின்றன. ஆனால் சுவருக்குள் இறங்கவில்லை. வெட்டிய விளிம்பு முழுக்கச் சுத்தம். புற்று இல்லை. "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா நான் இவ்ளோ சிரிச்சிருக்க மாட்டேன்" என்றார் டாக்டர். ரத்தம் எட்டுக்கு இறங்கியதற்கு அதுதான் காரணமாம், கண்ணுக்குத் தெரியாமல் கசிந்திருக்கிறது.

நீ கண்ணால் பார்த்த சிவப்பு ரத்தம் அதிலிருந்து வந்ததில்லை. உனக்கு மூலமும் இருக்கிறது. நிஜமான மூலம். ஒன்றும் செய்யாது, ஆனால் அது மட்டும் இல்லாவிட்டால் நீ பயந்தே இருக்க மாட்டாய், வந்தும் இருக்க மாட்டாய். அத்தையிடம் சொல். ரொம்பப் பெருமைப்படுவார்.

ஜீன் ரிசல்ட் வர இன்னும் மூன்று வாரம். இருக்கும் என்றே நினைக்கிறேன். இருந்தால் உனக்கும் வருஷத்துக்கு ஒரு முறை குழாய், கர்ப்பப்பைக்கும் ஒரு செக்கப். எனக்கு ஒரு துணை. யமுனாவுக்கு வயசு வரும்வரை எந்த டெஸ்ட்டும் தேவையில்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். அவளிடம் எப்போது சொல்வது என்பது உன் முடிவு. நான் வாயைத் திறக்க மாட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள்.

தீபாவளிக்கு வரட்டுமா? அத்தையிடம் கேட்டுச் சொல்.

வளவன்

*

தொட்டியம்
22.1.2025

தம்பிக்கு,

எல்லோரும் நலம். நீ பொங்கலுக்கு வந்துபோன பிறகு அத்தை நாலு நாள் உன் பேச்சுதான். "வாய்தான் கத்தி, பய நல்ல பய" என்கிறார். யமுனா நீ வாங்கித் தந்த கம்மலைத் தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் முழுசாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நேற்று மறுபரிசோதனைக்குப் போயிருந்தேன். ரத்தம் பதினொன்றரை. கீழக்காட்டுக்கும் மேலக்காட்டுக்கும் ஒரே மூச்சில் போய் வருகிறேன். ஜீன் இருக்கிறது என்று நவம்பரில் தெரிந்தபோது ஒரு வாரம் தூங்கவில்லை. இப்போது அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று ஆகிவிட்டது. எனக்கு அடுத்த குழாய் அக்டோபரில்.

வரவேற்பில் இருந்த பெண் உன் பெயரையும் எடுத்துப் பார்த்தாள். "உங்க தம்பிக்கு மே மாசம் டியூங்க. போன தடவ மயக்க மருந்து வேணாம்னு எழுதியிருக்காரு, அப்படியே போடவா?" என்று கேட்டாள். அதை அடித்துவிட்டு, வேண்டும் என்று எழுதச் சொன்னேன். கூட வருபவர் என்று ஒரு கட்டம் இருந்தது. போன வருஷம் அதில் நீ ஒரு கோடு போட்டிருக்கிறாய். இந்தத் தாளில் என் பெயரை எழுதினேன். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மே 16, வெள்ளிக்கிழமை. முதல் நாளே வந்து உன் அறையில் தங்குவேன். அந்த உப்புத் தண்ணீர் மருந்தைப் பாதி கீழே ஊற்றிவிட்டுக் குடித்தேன் என்று சொல்லலாம் என்று நினைக்காதே. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

அக்கா மணிமேகலை